பேக்கிங் கட்டத்தில் ஒரு 'வி'

முன்பல்லால கடிக்காதீங்க சார். கொய்யாவ சின்னதா பிட்டு உள்ள தள்ளுங்க, கடவாப் பல்லுல வச்சு மெல்லுங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து மெல்லணும். முன்னால வச்சுக் கடிச்சா பின்னால பல் செட்டு தூக்கிக்கிரும்.

கோவிச்சுக்காதீங்க. எப்படிடா கண்டுபிடிச்சான்னு பார்க்குறீங்க. பஸ்ஸு பூவந்தி தாண்டுனதுல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். கடிக்கிறதுக்கு முன்னால நாக்கால மேல ஒரு அமுக்கு அமுக்குறீங்க. செட்டு போட்டவங்கதான் அப்படிப் பண்ணுவாங்க. எனக்கு இதுதான் தொழில், இருபத்தெட்டு வருஷமா. பூமிநாதன் என் பேரு. மதுரையில ஒரு டென்டல் லேப்ல டெக்னீஷியன். டாக்டருங்க வாயில அளவு எடுத்து அனுப்புவாங்க, செட்டு செஞ்சு குடுக்கிறது நாங்க. டாக்டர் பேரு ஊருக்கே தெரியும். எங்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது. பல்லு கழண்டு விழுந்தா மட்டும் எவன்டா செஞ்சவன்னு தேடுவாங்க.

நீங்க தொண்டிக்கா? நான் சருகணிக்கு முன்னால ஒரு விலக்கு ஸ்டாப்புல இறங்கணும். ஒரு பிள்ளைக்குச் சடங்கு வீடு. தாய்மாமன் முறைக்கு நான்தான் போறேன். எனக்குக் கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளையே கெடையாது சார். அப்புறம் எப்படி மாமன்னு கேக்குறீங்கல்ல. அதத்தான் சொல்ல வர்றேன். இறங்குறதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லிரணும் போல இருக்கு. வீட்ல சொல்ல முடியாது. லேப்ல சொல்லவே முடியாது.

எங்க லேப்ல விண்ணரசின்னு ஒரு பொம்பள வேலை பார்த்தா. என்னைவிடப் பதினாலு வயசு சின்னவ. வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்டியன். வேற சாதியில காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கூடப் பிறந்த அண்ணன் முகத்துல முழிக்கிறதில்ல. புருஷன் அருளு, பெயின்ட் அடிக்கிற வேலை. ஒரே பொம்பளைப் பிள்ளை, ஜெனிட்டா. என்னைய 'பூமியண்ணே, பூமியண்ணே'ன்னுதான் கூப்பிடுவா. நான் பல்ல மெழுகுல அடுக்குறவன். அவ பேக்கிங்.

பேக்கிங்னா சொல்றேன், உங்க வாயில இருக்கிறதுதான, தெரிஞ்சுக்கிறணும்ல. பல்லு வேற, ஈறு மாதிரி ரோஸ் கலர்ல இருக்கே அது வேற. பல்லு கம்பெனியில இருந்து ரெடியா வரும். நான் அத மெழுகுல வரிசையா அடுக்கிக் குடுப்பேன். அத ஒரு பித்தளைப் பெட்டியில மாக்கல்லு மாவு ஊத்திப் பொதைச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டா மெழுகு உருகி ஓடிரும். பெட்டியத் திறந்தா பல்லு மட்டும் மாவுக்குள்ள தலைகீழா பொதைஞ்சு நிக்கும், அடிப்பக்கம் நம்மளப் பார்த்துக்கிட்டு. அந்த எடத்துல ரோஸ் மாவ வச்சு அமுக்கி வேக வச்சா செட்டு. அவ்வளவுதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரோஸ் மாவு, மாக்கல்லோட ஒட்டிரக் கூடாதுன்னு சீல்னு ஒரு மருந்து தடவுவோம். மாக்கல்லுல மட்டும்தான் தடவணும். பல்லோட அடியில ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. பட்டுச்சுன்னா ரோஸ் மாவு பல்லையும் பிடிக்காது. பல்லு அடிய லேசா சொரசொரன்னு சுரண்டி விட்டு, மருந்து கிருந்து பட்டிருக்கான்னு பார்த்து, துடைச்சு, அப்புறம்தான் மாவு வைக்கணும். விண்ணரசி ஒவ்வொரு பல்லா குனிஞ்சு பார்ப்பா சார். இருபத்தெட்டுப் பல்லுன்னா இருபத்தெட்டையும். பொட்டு வைக்கிற பிரஷ் மாதிரி ஒரு சின்ன பிரஷ் வச்சிருப்பா. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன், 'ஏம்மா, பல்லு செய்யிறியா, பல்லுக்குக் கண்ணு மை தீட்டுறியா'ன்னு. சிரிப்பா. ஆனா பிரஷ்ஷ மாத்த மாட்டா.

எட்டு வருஷத்துல அவ பேக் பண்ண செட்டுல ஒரு பல்லு விழுந்ததில்ல. இத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல, அது வேற.

நாலு வருஷம் முன்னால. மாசி மாசம். அருளுக்குக் கிட்னியில கல்லு. பெரியாஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. அதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு நிறைய லீவு எடுத்துட்டா. எங்க ஓனர் நடனகோபால் சார் நல்ல மனுஷன்தான், கெட்டவருன்னு சொல்ல முடியாது, ஆனா வேலை விஷயத்துல கறாரு. 'இன்னொரு லீவுன்னா ஒரேயடியா நின்னுக்கம்மா'ன்னு சொல்லிட்டாரு. இவ கழுவுற எடத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்தா.

நான்தான் சொன்னேன். 'இந்த வாரம் பூரா மத்தியானம் சாருக்கு வெளி வேலை, லேப்புக்கு வரமாட்டாரு. நீ ஒரு மணிக்குக் கெளம்பிரு. பேக்கிங்க நான் பார்த்துக்கிறேன். ரிஜிஸ்டர்ல உன் எழுத்தப் போட்டு வச்சுடுறேன்'னு.

எங்க லேப்ல ஒரு பழக்கம் சார். ஒவ்வொரு செட்டுக்கும் நம்பர் உண்டு. ரிஜிஸ்டர்ல அந்த நம்பருக்கு நேரா கட்டம் கட்டமா இருக்கும். அடுக்குனது யாரு, பேக் பண்ணது யாரு, பாலீஷ் யாரு. அவங்கவங்க முதல் எழுத்தப் போடணும். நான் 'பூ' போடுவேன். அவ 'வி'. அந்த வாரம் பேக்கிங் கட்டத்துல நானே 'வி'ன்னு போட்டேன். அஞ்சு நாளு. ஒம்பது செட்டு. நல்ல எண்ணத்துல போட்டது சார். அத மறுக்க முடியாதுல்ல? ஒரு பொம்பளையோட வேலையக் காப்பாத்தப் போட்டது.

ஆனா என் கைக்குப் பேக்கிங் விட்டுப் போயி பத்து வருஷம் ஆச்சு. என் அடுக்கு வேலையும் நிக்குது. அந்தப் பொட்டு பிரஷ்ஷ வச்சுக் குத்திக்கிட்டு இருந்தா எப்ப முடிக்கிறது? பாலீஷ் மேசையில கெடந்த பெரிய பிரஷ்ஷ எடுத்தேன். சீல்ல முக்கி ஒரே இழுப்பு. மாக்கல்லு, பல்லு எல்லாம் சேர்த்து. பல்லு அடியில பட்டது தெரியும் சார். பளபளன்னு தெரிஞ்சுச்சு. துடைக்கணும். துடைச்சுச் சுரண்டணும். ஒரு செட்டுக்கு இருபது நிமிஷம் ஆகும். துடைக்கல. இருக்கட்டும், பிடிச்சுக்கிரும்னு விட்டுட்டேன்.

பிடிச்சுக்கிருச்சு. அதுதான் இதுல உள்ள மோசம். உடனே விழாது. பாலீஷ் போட்டுத் தட்டிப் பார்த்தாலும் கல்லு மாதிரி இருக்கும். வாயில போட்டு, சுடுசோறு, ஐஸ் தண்ணி, கருவாடு, முறுக்குன்னு தின்னு, ராத்திரி தண்ணியில போட்டு, காலையில எடுத்து மாட்டி, இப்படி ஒரு எட்டு மாசம், பத்து மாசம் ஓடும். அப்புறம் ஒருநாள் ஒரு பல்லு சொல்லாம கொள்ளாம வந்துரும். வந்த எடத்தப் பார்த்தா எங்களுக்குத் தெரிஞ்சிரும். அழுத்தம் தாங்காம உடைஞ்சதுன்னா குழியில பல்லுத் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒட்டவே இல்லைன்னா குழி வழவழன்னு, புளியங்கொட்டை கழண்ட தோடு மாதிரி சுத்தமா இருக்கும்.

கார்மேகம்னு ஒரு பெரியவரு. மேலூர்ப் பக்கம். அந்த ஊர்ல எந்த வீட்டு நிச்சயதார்த்தம்னாலும் ஓலைய அவர்தான் வாசிப்பாராம். கணீர்னு குரலு. 'இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும்'னு அவரு ஆரம்பிச்சா சபை அடங்கிருமாம். பல்லெல்லாம் போயி, காத்துப் போயி வாசிக்க முடியாம ரெண்டு வருஷம் சும்மா இருந்திருக்காரு. அந்த வாரம் செஞ்ச செட்டு அவருக்குப் போயிருக்கு. நம்பர் இருநூத்திப் பதினாலு. மறுபடி வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். அளவெடுத்த டாக்டரம்மாவுக்கு ஒரு சாக்கு நெலக்கடலை கொண்டாந்து குடுத்தாராம்.

தை மாசம் ஒரு நிச்சயதார்த்தம். ஓலைய வாசிக்கிறாரு. பொண்ணு பேரச் சொல்ற எடத்துல முன்பல்லு டக்குன்னு கழண்டு தாம்பாளத்துல, வெத்தலை பாக்கு மேல விழுந்துருச்சு. சின்னப் பிள்ளைக சிரிச்சிருக்குக. மாப்பிள்ளை வீட்டுப் பெரியாளுக எந்திரிச்சுட்டாங்க. அபசகுனம்னு. அப்புறம் அந்தக் கல்யாணம் நடந்துச்சு சார், விசாரிச்சேன். ரெண்டு மாசம் தள்ளி நடந்துச்சு. பிள்ளையும் பிறந்துருச்சு. ஆனா ஓலைய வேற ஒருத்தர் வாசிச்சாரு. இவர அதுக்கப்புறம் எந்த வீட்லயும் கூப்பிடல.

டாக்டரம்மா கோவத்துல நேரா லேப்புலயே போயிக் கேளுங்கன்னு அனுப்பிவிட்டாங்க. வந்தாரு. கத்துவாருன்னு பார்த்தேன். கத்தல. வேட்டி மடிப்புல இருந்து ஒரு பொட்டலத்த எடுத்தாரு. பிரிச்சு அந்தப் பல்ல மேசையில வச்சாரு. வாயில மூடியிருந்த துண்ட எடுக்காமயே, 'இது ஏன் விழுந்துச்சு தம்பி? நான் கல்லு கில்லக் கடிக்கல'ன்னாரு. என்னையப் பார்த்துக் கேட்டாரு சார். நான்தான் முன்னால நின்னேன். செட்ட வாங்கிப் பார்த்தேன். குழி வழவழன்னு இருந்துச்சு.

நடனகோபால் சார் ரிஜிஸ்டர எடுத்தாரு. வெரல வச்சுத் தேடுனாரு. சத்தமா வாசிச்சாரு. 'இருநூத்திப் பதினாலு. மாசி இருபத்திமூணு, புதன்கிழமை. அடுக்குனது பூ. பேக்கிங்...' நிறுத்திட்டு நிமிர்ந்து விண்ணரசியப் பார்த்தாரு.

நான் யார் பேரையும் சொல்லல சார். சாமி சத்தியமா நான் வாயத் திறக்கல.

அவளும் திறக்கல. அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல... விளங்கலைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். 'அன்னைக்கு மத்தியானம் நான் இல்லைங்க சார்'னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருக்கலாம்ல? யாரு வேணாம்னது? சொன்னா நான் அவளுக்காகப் பொய் எழுத்துப் போட்டது வெளிய வரும். என் வேலையும் போகும். அவளுக்கு ஒத்தாசை பண்ணப் போயி என் வேலை போகணுமான்னு நெனச்சிருப்பா. அவ மனசு அப்படி. என் மனசு அந்த நேரத்துல என்ன நெனச்சுச்சுன்னு கேக்காதீங்க.

சார் வைய ஆரம்பிச்சாரு. 'எட்டு வருஷம் பார்த்த வேலையில இப்படியா அலட்சியம்? ஒரு பெரிய மனுஷன சபையில தலைகுனிய வச்சுட்டியே'ன்னாரு. அவ போயி கார்மேகம் கால்ல விழுந்தா. 'தப்பு நடந்துருச்சுங்கய்யா'ன்னா. 'நான் பண்ணிட்டேன்'னு சொல்லல. இப்ப யோசிச்சா தெரியுது, சரியாத்தான் சொல்லியிருக்கா. அவரு அவ தலையத் தொட்டு எந்திரிக்கச் சொன்னாரு. அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அடுத்த ரெண்டு மாசத்துல அதே வாரத்துச் செட்டு இன்னும் நாலு திரும்பி வந்துச்சு. எல்லாத்துலயும் 'வி'. நல்லவேளை அவளப் போகச் சொன்னோம்னாரு சாரு. நான் மெழுகப் பார்த்துக்கிட்டே தலைய ஆட்டுனேன்.

வேற லேப்புக்குப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. மதுரையில லேப்புக்கு லேப்பு பேசிக்கிருவோம். பல்லு விழுந்த கைன்னு ஒரு தடவ பேரு வந்துட்டா எவனும் பேக்கிங் தரமாட்டான். அருளுக்கும் ஏணியில ஏற முடியல. அவன் ஊருப் பக்கமே வந்துட்டாங்க. இங்க ஒரு கமிஷன் கடையில மிளகாய்க் காம்பு கிள்ளுறாளாம். அந்தக் கை சார். பொட்டு பிரஷ் பிடிச்ச கை. காந்தும்ல?

போற அன்னைக்கு டிபன் பாத்திரத்தக் கழுவிப் பையில வச்சா. எங்கிட்ட வந்து அந்தச் சின்ன பிரஷ்ஷ நீட்டுனா. 'புது ஆளு வர்ற வரைக்கும் நீங்கதான பேக்கிங் பார்க்கணும். இத வச்சுக்கங்கண்ணே. பெரிய பிரஷ்ஷுன்னா பல்லுல பட்டுரும்'னா. போகும்போதுகூடத் தொழில்ல எவ்வளவு அக்கறைன்னு அன்னைக்கு நெனச்சேன். என்ன சார் அப்படிப் பார்க்குறீங்க? சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான சோறு எறங்கும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். வேலை அதிகம், அதனால அவசரம்னு சொன்னேன்ல. அது முழு உண்மை இல்ல. அந்த வாரம் எங்க தெருவுல கேரம் போட்டி. அஞ்சரைக்கு ஆரம்பிச்சுருவாங்க. புதன்கிழமை செமி ஃபைனல். ஜெயிச்சேன் சார். ஃபைனலும் ஜெயிச்சேன், எவர்சில்வர் குடம் குடுத்தாங்க. வீட்ல அதுலதான் தண்ணி பிடிச்சு வைக்கிறா. சொல்லவே நாக்கு கூசுது. ஒரு கேரம் ஆட்டத்துக்கு ஒரு குடும்பத்த மிளகாய் மண்டிக்கு அனுப்பியிருக்கேன்.

மூணு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. போன வாரம் வியாழக்கிழமை போன். புது நம்பரு. 'பூமியண்ணே, நல்லா இருக்கீங்களா? ஜெனிட்டா பெரிய மனுஷி ஆயிட்டா'ன்னா. அதே குரலு. நல்லா இருக்கட்டும்மான்னேன். 'ஞாயித்துக்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்துறோம். எங்கண்ணன் வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான். அருளு வீட்டுப் பொம்பளைக தாய்மாமன் எங்க, மாமனில்லாத பிள்ளையான்னு கேக்குறாங்க. பிள்ளை அழுகுது. நீங்க வந்து நில்லுங்கண்ணே'ன்னா.

என்னையவா? என்னையப் போயா? அப்பவாச்சும் சொல்லிரணும்னு தோணுச்சு. மூணு வருஷத்துல அப்பத்தான் வாய் வந்துச்சு. 'விண்ணரசி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த இருநூத்திப் பதினாலு...'ன்னு ஆரம்பிச்சேன்.

'வேணாம்ணே'ன்னா. பட்டுன்னு.

அவ பின்னால கோழி கத்துறது கேட்டுச்சு. அப்புறம் மெதுவா சொன்னா. 'அந்தப் புதன்கிழமைதான் அருளுக்கு ஆபரேஷன். தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு மறக்குமா? சார் தேதிய வாசிச்சப்பவே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அந்தப் பெரியவர் கால்ல விழுறப்பப் பார்த்தேன். பாத்திரம் கழுவுறப்பப் பார்த்தேன். மாடிப்படி இறங்குற வரைக்கும் பார்த்தேன்.'

நான் 'அம்மா விண்ணரசி'ன்னேன்.

'இப்ப சொல்லாதீங்க. நீங்க வாயத் திறந்து சொல்லிட்டா அதுக்கப்புறம் உங்கள அண்ணேன்னு என்னால கூப்பிட முடியாது. சபையில ஒரு மாமன் வேணும். எனக்கு வேற ஆளு இல்ல. வந்து நின்னுட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க.' அவ்வளவுதான். வச்சிட்டா.

பாசமா கூப்பிடுறான்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன். எம் பொண்டாட்டி பட்டுச் சேலை எடுத்துக் குடுத்து அனுப்பியிருக்கா. அவளுக்கு என்ன தெரியும்? மன்னிப்புக் கேட்டுட்டா பாரம் குறைஞ்சிரும்னு மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேக்கக் கூடாதுன்னுட்டா. வாய மூடிக்கிட்டு நின்னதுக்கு, இப்ப வாய மூடிக்கிட்டே நிக்கணும்.

கண்டக்டர் நான் இறங்குற விலக்குப் பேரச் சொல்றாரு. காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறீங்களா சார்? பார்த்து மெல்லுங்க, ஆறு மாசத்துக்கு ஒருதடவ டாக்டர்கிட்டக் காமிங்க.

அந்தா நிக்கிறாங்க பாருங்க, புளியமரத்துக்கிட்ட. ரெண்டு மேளம் வேற. மாமன எதிர்கொண்டு கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. அருளு கையில மாலை வச்சிருக்கான். அவனுக்கும் தெரியுமோ என்னமோ. மாலை வேணாம்னு சொல்லலாம்னுதான் இருக்கு சார். சொன்னா, ஏன் வேணாங்கிறாருன்னு சபை கேக்கும்ல.